குளிரில் கீழே இறங்கிய குண்டுகள்: ஒரு .22 ரைஃபிளோடு ஐந்து வாரம்

ஜனவரியில் கனடாவின் கான்மோரில் மகளுக்கு பயத்லான் போட்டி. பனிச்சறுக்கில் ஓடிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டே 50 மீட்டர் தொலைவில் உள்ள ஐந்து இலக்குகளைச் சுட்டு, மறுபடி ஓட வேண்டும். 1988 கால்கரி குளிர்கால ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டிய மைதானம் அது. அன்று காலை மைனஸ் 16 டிகிரி. முதல் முறை படுத்துச் சுட்டதில் நான்கு விழுந்தன. இரண்டாவது முறை படுத்துச் சுட்டதில் இரண்டுதான். தவறிய நான்கும் ஆறு மணிப் பக்கம், அதாவது நேர் கீழே போனதாகத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த பயிற்சியாளர் சொன்னார்.

திரும்பி வரும்போது காரில் அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் விசையை இழுக்கறதுலதான் தப்பு போல இருக்குப்பா" என்றாள். எனக்கு அது உறுத்தியது. தவறியவை நான்கு பக்கமும் சிதறியிருந்தால் அவள் சொல்வதை ஒப்புக்கொண்டிருப்பேன். எல்லாம் ஒரே திசையில் போனால் அங்கே கையைத் தவிர வேறு எதுவோ இருக்கிறது. அது தோட்டாவா, துப்பாக்கியா, காற்றா என்று நானே சுட்டுப் பார்க்க முடிவு செய்தேன். அடுத்த ஐந்து வாரச் சனி, ஞாயிறுகள் அதற்கே போயின.

முதலில் காகிதத்தில் கணக்குப் போட்டேன். படுத்துச் சுடும் இலக்கின் விட்டம் 45 மில்லிமீட்டர். நடுவிலிருந்து விளிம்பு வரை 22.5. போட்டிப் படபடப்பில் அவளுடைய ஐந்து குண்டுகள் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் விழும். நடுவில் விழுந்தால் எல்லாப் பக்கமும் 7 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும், கவலையில்லை. அந்த வட்டம் அப்படியே 10 மில்லிமீட்டர் கீழே இறங்கினால் கீழ்ப்பக்கக் குண்டுகள் இலக்குக்கு வெளியே போய்விடும். அவள் சுடும் விதம் துளிகூட மாற வேண்டியதில்லை.

10 மில்லிமீட்டர் இறங்க என்ன நடக்க வேண்டும்? நாங்கள் வாங்கும் .22 (அங்குல விட்ட) தோட்டாவின் குண்டு 2.59 கிராம் ஈயம். நொடிக்கு 320 முதல் 330 மீட்டர் வேகத்தில் புறப்பட்டு, 50 மீட்டரை 0.16 நொடியில் கடக்கிறது. அந்த நேரத்தில் புவியீர்ப்பு அதை 12 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகக் கீழே இழுத்துவிடும். அந்த இறக்கத்தைச் சேர்த்துத்தான் குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி பார்வைக் கருவியை முன்கூட்டியே திருத்தி, அதாவது ஜீரோ செய்து வைக்கிறோம். வேகம் 4 சதவீதம் குறைந்தால் இறக்கம் அதன் இரட்டிப்பு அளவில், ஏறக்குறைய 8 சதவீதம் கூடும். 12 சென்டிமீட்டரில் 8 சதவீதம் என்றால் 10 மில்லிமீட்டர். ஆக, குளிர் நொடிக்கு 12, 13 மீட்டர் வேகத்தைத் தின்றால் போதும்.

வெடிமருந்து குளிர்ந்தால் மெதுவாக எரியத் தொடங்கும், அழுத்தம் குறையும், வேகம் குறையும். இது தெரிந்த விஷயம்தான். எவ்வளவு குறையும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். அதனால் அவள் பயன்படுத்தும் அதே லாட்டை, அதாவது ஒன்றாகத் தயாரான அதே தொகுதித் தோட்டாக்களை வைத்தே அளந்தாக வேண்டும்.

முதல் சனிக்கிழமை, மைனஸ் 18. கால்கரிக்கு வெளியே எங்கள் கிளப்பின் துப்பாக்கி சுடும் ரேஞ்ச். குழலின் பின்பக்கத்தைக் கையால் மூடித் திறக்கும் போல்ட் உள்ள என் ரைஃபிள், ஸ்கோப், மணல் மூட்டை, நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி). தோட்டாப் பெட்டியைத் திறந்தபடி பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் வைத்துவிட்டு, ஐந்து ஐந்தாகச் சுட்டேன். குரூப்புகள், அதாவது ஐந்து குண்டுகளும் தாளில் சேர்ந்து விழும் கூட்டங்கள், செங்குத்தாக நீண்டு வந்தன. அகலம் 13 மில்லிமீட்டர், உயரம் 30. நடுவில் இரண்டு தோட்டாக்கள் வெடிக்கவே இல்லை. வெடிக்காதபோது குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு 30 நொடி காத்திருந்துதான் போல்ட்டைத் திறக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் வாய்ப்பு உண்டு. பதிவான வேகங்களில் மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் 22 மீட்டர் வித்தியாசம். இருபது நிமிடத்தில் குரோனோகிராஃபின் திரை இலக்கங்கள் மங்கி, நகரவே திணறி, அப்புறம் பேட்டரி படுத்துவிட்டது.

அன்று நோட்டில் "இந்த லாட் குளிருக்கு ஆகாது" என்று எழுதினேன். தவறான முடிவு. பக்கத்துப் பெஞ்சில் சுட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் காலிக் கூடுகளைக் கையில் எடுத்து, விளிம்பைக் காட்டி, "போல்ட்டைக் கடைசியாக எப்போது பிரித்தாய்?" என்று கேட்டார். .22 தோட்டாவில் தீப்பற்றும் கலவை அடிப்பாகத்தின் விளிம்புக்குள் இருக்கிறது. ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்க வேண்டும். என் கூடுகளில் இருந்த தடம் நகத்தால் தடவினால்கூட உணர முடியாத அளவுக்கு லேசானது. கோடையில் சுட்ட பழைய கூடுகளில் ஆழமான பள்ளம்.

அன்றிரவே போல்ட்டைப் பிரித்தேன். உள்ளே, ஸ்பிரிங்கைச் சுற்றி, போன ஆண்டு நானே தடவிய கிரீஸ். வீட்டுச் சூட்டில் வழவழவென்றுதான் இருந்தது. சோதித்துப் பார்க்க, போல்ட்டை மட்டும் ஒரு பைக்குள் போட்டுச் சமையலறை ஃப்ரீசரில், தேங்காய்த் துருவல் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் இரவு முழுக்க வைத்தேன். காலையில் எடுத்தபோது கிரீஸ் ஆறிப்போன வெல்லப்பாகு பதத்தில் இருந்தது. வீட்டு ஃப்ரீசரும் மைனஸ் 18தான், முந்தின நாள் ரேஞ்சில் இருந்த அதே குளிர்.

அடுத்துச் செய்ததை இந்த ஐந்து வாரத்திலேயே பயனுள்ள சோதனையாக நினைக்கிறேன். சுட்டு முடித்த காலிக் கூடு ஒன்றைத் துப்பாக்கியின் தோட்டா அறையில் போட்டு, விளிம்பின் அடிபடாத பகுதி பின்னுக்கு நேரே வரும்படி திருப்பி, விசையை இழுத்தேன். கிரீஸோடு உறைந்த போல்ட்: லேசான கீறல். அதையே வீட்டுச் சூட்டுக்கு வரவிட்டு அடித்தபோது நல்ல பள்ளம். பிறகு எல்லாப் பாகத்தையும் கரைப்பான் விட்டுக் கழுவி, துடைத்து, பின்னும் ஸ்பிரிங்கும் முழுக்க உலர்வாக இருக்க, போல்ட்டின் வெளிப்புறத்தில் மட்டும் விரல் நுனியால் மெல்லிய எண்ணெயை ஒற்றி, மறுபடி ஃப்ரீசரில் ஓர் இரவு. இப்போது உறைந்த போல்ட்டும் அதே பள்ளத்தைப் போட்டது. ஒரே கூட்டின் விளிம்பில் மூன்று தடங்கள், பூதக்கண்ணாடியில் பார்த்தால் கதை முழுக்கத் தெரிகிறது. அந்தக் கூட்டை இன்னும் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். தோட்டா அறை வெறுமையாக இருக்கும்போது .22 ரைஃபிளின் விசையைத் தட்டிப் பார்க்காதீர்கள், ஃபயரிங் பின் அந்த அறையின் விளிம்பில் இடித்துச் சேதமாகலாம். காலிக் கூடு அல்லது பிளாஸ்டிக் போலித் தோட்டா இருக்க வேண்டும்.

கடுங்குளிரில் துப்பாக்கி பிடிப்பவர்களுக்கு இது பழைய பாடம். கனடாவின் வடக்கே ரோந்து போகும் கனடியன் ரேஞ்சர்ஸ் 1947 முதல் எழுபது ஆண்டு லீ-என்ஃபீல்ட் போல்ட் ரைஃபிள்களையே வைத்திருந்தார்கள். அதற்கு மாற்றாக 2018 முதல் கொடுக்கப்பட்ட சி19 ரைஃபிள் மைனஸ் 51 டிகிரியிலும் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டது. அமெரிக்க ராணுவம் ஆர்க்டிக் குளிருக்கென்றே தனி மசகு எண்ணெய் வைத்திருக்கிறது. தோட்டாவைக் குறை சொல்வதற்கு முன் நான் போல்ட்டைத் திறந்திருக்க வேண்டும்.

சரி, இப்போதுதான் தோட்டாவை நியாயமாகச் சோதிக்க முடியும். மூன்றாவது சனிக்கிழமை, மைனஸ் 17, காற்றே இல்லை. ரைஃபிள் ஒரு மணி நேரம் வெளியே குளிர்ந்தது. தோட்டாக்களை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதி பெஞ்சில், வெளிக்குளிரில். மறுபாதி ஜாக்கெட்டின் உள்பையில். சமையலறை வெப்பமானியின் முள்ளை அந்தப் பொட்டலத்துக்குள் செருகியதில் 20 டிகிரி காட்டியது. ஐந்து குளிர்ந்தவை, ஐந்து கதகதப்பானவை என்று மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் 25 குண்டுகள். கதகதப்பான தோட்டாவை ஒவ்வொன்றாகப் போட்டு உடனே சுட வேண்டும். உறைந்த இரும்பு அறை அதன் சூட்டைச் சீக்கிரமே உறிஞ்சிவிடும். குரோனோகிராஃபின் பேட்டரிப் பக்கத்தில் கை சூடாக்கும் பொட்டலம் ஒன்றை ரப்பர் பேண்டால் கட்டினேன், கடைசி வரை தாங்கியது.

தொடக்கத்தில் ஐந்து குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சும்மா சுட்டேன். குண்டின் மேல் உள்ள மெழுகுப் பூச்சு குளிரில் கெட்டியாகிறது, காய்ந்த குழலில் அது படிந்து சீராகச் சில குண்டுகள் பிடிக்கும். என் ரைஃபிளில் முதல் மூன்று எப்போதும் தனியாகப் போகின்றன. வெயில் காலத்தில் இது எனக்குக் கண்ணில் பட்டதே இல்லை.

முடிவுகள்: கதகதப்பான தோட்டாக்களின் சராசரி வேகம் நொடிக்கு 324 மீட்டர், குளிர்ந்தவை 312. குளிர்ந்தவற்றின் குரூப்புகள் 11 மில்லிமீட்டர் கீழே இருந்தன. காகிதத்தில் போட்ட கணக்கு 10 என்றது. குரூப்பின் அளவோ கதகதப்பானதில் 16 மில்லிமீட்டர், குளிர்ந்ததில் 18. வேக வித்தியாசம் குளிர்ந்தவற்றில் 11 மீட்டருக்குள் அடங்கிவிட்டது, முதல் நாள் 22 இருந்தது நினைவிருக்கும். வெடிக்காத தோட்டா ஒன்றுகூட இல்லை.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. "குளிரில் தோட்டாவின் துல்லியம் கெடும்" என்று பொதுவாகச் சொல்கிறார்கள். என் தாள்களில் துல்லியம் பெரிதாகக் கெடவில்லை. 2 மில்லிமீட்டர் என்பது என் உறைந்த விரல்களின் வேலையாகவும் இருக்கலாம். கெட்டது ஜீரோதான். குரூப் அப்படியே முழுசாகக் கீழே இறங்கிவிட்டது. முதல் நாள் பார்த்த சிதறல் துப்பாக்கிக்குள் இருந்த கிரீஸிலிருந்து வந்தது. சிதறலும் இறக்கமும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு வேறு. இரண்டையும் சேர்த்துக் "குளிர்" என்று ஒரே பெயர் வைத்தால் எதையும் சரிசெய்ய முடியாது.

அன்று காதில் விழுந்த ஒன்று என்னை அடுத்த இரண்டு நாள் யோசிக்க வைத்தது. குளிர்ந்த தோட்டாக்கள் அமுங்கிய சத்தத்தோடு போயின. கதகதப்பானவை சாட்டை சொடுக்கியதுபோல் கூர்மையாக வெடித்தன. காரணம் ஒலியின் வேகம். 20 டிகிரியில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும், மைனஸ் 17இல் 321 மீட்டர்தான். 324இல் கிளம்பும் கதகதப்பான குண்டு கோடையில் ஒலிக்குக் கீழே 19 மீட்டர் தள்ளி நிம்மதியாகப் போகிறது. அதே குண்டு, அதே வேகத்தில், குளிர்ந்த காற்றில் ஒலியைவிட வேகமானதாகிவிடுகிறது! போகப்போக வேகம் குறைந்து, வழியிலேயே ஒலியின் வேகத்தைத் திரும்பக் கடக்கிறது. அந்தக் கடக்கும் இடத்தில் குண்டின் மேல் காற்று சீராக ஓடாது. .22 போட்டித் தோட்டாக்களை ஒலிக்குக் கீழான வேகத்தில் செய்வதற்கு ஒரு காரணம் இதுதான்.

குளிர்ந்த தோட்டாவுக்கு என்ன ஆகிறது? ஒலியின் வேகம் ஒரு டிகிரிக்கு 0.6 மீட்டர் குறைகிறது. இந்த லாட்டின் வேகமோ ஒரு டிகிரிக்கு 0.3 மீட்டருக்குச் சற்றே அதிகமாகக் குறைகிறது. குண்டு மெதுவாகிக்கொண்டே போனாலும், ஒலி அதைவிடச் சீக்கிரமாக மெதுவாகிறது. 19 மீட்டராக இருந்த இடைவெளி மைனஸ் 17இல் 9 மீட்டராகச் சுருங்கிவிட்டது. பயத்லான் விதிப்படி மைனஸ் 20க்குக் கீழே போட்டியைத் தொடங்க மாட்டார்கள் என்பதால், மகளுடைய லாட் ஒலியின் வேகத்தைத் தொட வாய்ப்பில்லை. ஆனால் "தோட்டாவைப் பைக்குள் சூடாக வைத்துக்கொண்டால் போதுமே" என்று நான் நினைத்திருந்த எளிய வழி அடைபட்டது. 50 மீட்டரில் என் தாளில் அதனால் கெடுதல் தெரியவில்லை என்பதும் உண்மை. இருந்தாலும், ஓட்டத்தின் நடுவே எந்தத் தோட்டா எந்தச் சூட்டில் இருக்கும் என்று யாராலும் உறுதிசொல்ல முடியாது. ஒரே மாதிரி குளிர்ந்திருப்பது ஒன்றுதான் நம்பக்கூடியது. ஹீட்டர் மேலோ காரின் டாஷ்போர்டு மேலோ வைத்துச் சூடாக்குவது எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

நான்காவது வாரம் சினூக் வந்தது. ராக்கி மலையைத் தாண்டி இறங்கும் அந்த வெப்பக்காற்று ஒரே நாளில் இருபது டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும். கால்கரியில் குடியிருப்பதன் நன்மை இது, ஒரே வாரத்தில் இரண்டு பருவம் கிடைக்கும். பிளஸ் 9 டிகிரியில் அதே லாட், அதே பெஞ்ச்: சராசரி 320 மீட்டர். எதிர்பார்த்த கோட்டிலேயே விழுந்தது. காற்று பலமாக இருந்ததால் குரூப்புகள் பக்கவாட்டில் விரிந்தன, அவற்றை நான் எண்ணவில்லை.

குளிர்ந்த காற்றின் அடர்த்தியைப் பற்றிக் கேட்பார்கள். 20 டிகிரியைவிட மைனஸ் 20இல் காற்று 16 சதவீதம் அடர்த்தி அதிகம், குண்டுக்கு அவ்வளவு கூடுதல் தடை. ஆனால் 50 மீட்டரில் அதனால் வரும் இறக்கம் என் கணக்கில் ஓரிரு மில்லிமீட்டர்தான். 100 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் வரை போகும். தூரம் கூடக்கூட இதன் பங்கு ஏறும்.

பெரிய ரைஃபிளில் மான் வேட்டைக்குப் போகும் நண்பர்களுக்கும் இதே கதைதான். ஆகஸ்டில் ஜீரோ செய்துவிட்டு நவம்பர் பனியில் சுடுகிறார்கள். வெப்பநிலைக்கு அதிகம் அசையாத வெடிமருந்துகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் தயாராகி ஹாட்ஜ்டன் நிறுவனம் விற்கும் வார்கெட் அதில் பெயர் பெற்றது. .22இல் மருந்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, தொழிற்சாலை போட்டதுதான்.

இனி கான்மோருக்கு வருவோம். அன்று அவள் ரைஃபிளையும் தோட்டாக்கள் நிரப்பிய மேகசின்களையும் ஸ்கீக்கு மெழுகு தேய்க்கும் சூடான குடிலில் வைத்திருந்தாள். அங்கிருந்து எடுத்துப்போய் நேராக ஜீரோ செய்தாள். பிறகு ரைஃபிள் ரேக்கில் நின்றது, ஓட்டம் தொடங்கியது. மேகசின் எவ்வளவு சீக்கிரம் குளிர்கிறது என்று வீட்டுப் பின்முற்றத்தில், போலித் தோட்டாக்களுக்கு நடுவே வெப்பமானியைச் செருகி அளந்தேன். ஐந்து தோட்டா மேகசின் பன்னிரண்டு நிமிடத்தில் மைனஸ் 10க்குக் கீழே போய்விட்டது. மூடிய ஐம்பது தோட்டாப் பெட்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆக, அவள் ஜீரோ செய்தது கதகதப்பான தோட்டாவுக்கு, போட்டியில் சுட்டது உறைந்த தோட்டாவை. இரண்டாவது சுற்று முதல் சுற்றைவிட மோசமானதும் இதோடு பொருந்துகிறது.

தாள்களைச் சமையலறை மேசையில் பரப்பி அவளிடம் காட்டினேன். குளிர்ந்த குரூப்பையும் கதகதப்பான குரூப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அப்போ நான் சரியாத்தான் சுட்டிருக்கேன்" என்றாள். ஆமாம் என்றேன்.

மாற்றியது இரண்டே விஷயம். ரைஃபிளும் நிரப்பிய மேகசின்களும் ஜீரோ செய்வதற்கு முக்கால் மணி நேரம் முன்பே பயிற்சியாளர் கண்பார்வையில் வெளியே குளிரும். அவளுடைய போல்ட்டைக் கிளப்பில் துப்பாக்கி பார்ப்பவர் பிரித்துக் கழுவி உலர்வாக மாட்டிக் கொடுத்தார். அதன் அமைப்பு என்னுடையதைப் போல எளிமையானதல்ல, அதனால் நான் கை வைக்கவில்லை. வீடு திரும்பியதும் ரைஃபிளை உறையிலிருந்து உடனே எடுப்பதில்லை. ஜில்லென்ற இரும்பில் வீட்டு ஈரம் படிந்து நீராக வழியும். பூட்டிய உறைக்குள்ளேயே நான்கு மணி நேரம் விட்டு, பிறகுதான் துடைக்கிறோம்.

பிப்ரவரிப் போட்டியன்று மைனஸ் 14. முதல் படுக்கைச் சுற்றில் ஐந்துக்கு ஐந்து. இரண்டாவதில் நான்கு. தவறிய ஒன்று மூன்று மணிப் பக்கம். தண்ணீர் பாட்டிலோடு முடிவுக் கோட்டில் நின்றிருந்தேன். வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "அது காத்துப்பா. கொடி அசைஞ்சதைப் பார்த்தேன், சைட்டைத் திருப்பிக் கிளிக் போடத்தான் மறந்துட்டேன்."